சிறிய வா பெடல்கள்: மினி, ஜூனியர், ஒளி வகை – எது யாருக்குப் பொருந்தும்

காலால் ஆட்டினால் கிட்டாரை 'வா, வா' என்று பேச வைப்பது வா பெடல். பெடல்களை வரிசையாக மாட்டிவைக்கும் தட்டான பெடல்போர்டில் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதும் அதுதான். டன்லப் க்ரை பேபியின் வழக்கமான உருவம் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். அந்த இடத்தில் வேறு இரண்டு பெடல்களைத் தாராளமாக வைத்துவிடலாம். நான்கு பாட்டுக்கு ஒருமுறை மிதிக்கிற ஒன்றுக்கு இவ்வளவு இடமா என்ற கேள்வி வரும்போதுதான் பலர் மினி வகைகளைத் தேடத் தொடங்குகிறார்கள். வாங்கிய பிறகு, "சத்தம் பெரிய பெடலில் வருவதுபோல இல்லை" என்று குறைப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலும் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. மாறியிருப்பது அவர்கள் கால் அதை ஓட்டும் விதம். சிறிய வா பெடலைத் தேர்ந்தெடுப்பதில் முக்கால் பங்கு இதைப் புரிந்துகொள்வதுதான்.

முதலில் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். 1966-இல் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர் உருவாக்கி, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த அந்தச் சுற்றுதான் இன்றைய வா பெடல்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாய். இரண்டு டிரான்சிஸ்டர், சுமார் 500 மில்லி ஹென்றி அளவுள்ள ஓர் இண்டக்டர் (கம்பிச்சுருள்), 0.01 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 100 கிலோ ஓம் பாட் (பெடலை ஆட்டும்போது சுழலும் மாறு மின்தடை), சில ரெசிஸ்டர்கள். அவ்வளவுதான். இண்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும். மேலே சொன்ன இரண்டு மதிப்புகளையும் கணக்கில் போட்டால் 2,250 ஹெர்ட்ஸ் வருகிறது. கால்விரல் பக்கம் முழுக்க அழுந்தியிருக்கும்போது கேட்கும் கூர்மையான இடம் அது. குதிகால் பக்கம் அழுந்தும்போது பாட் வழியாகத் திரும்பிவரும் சிக்னல், அதே கெப்பாசிட்டரைப் பல மடங்கு பெரியதுபோல நடந்துகொள்ள வைக்கிறது. 25 மடங்கு ஆனால் அதிர்வெண் ஐந்தில் ஒரு பங்காகி 450 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். நம் உயிரெழுத்துகளை வைத்துச் சொன்னால், குதிகாலில் 'ஊ', நடுவில் 'ஆ', விரல் நுனியில் 'ஏ', 'ஈ'. கீழிருந்து நடுவுக்குப் போகும் அந்த ஒரு வீச்சில்தான் கிட்டார் 'வா' என்கிறது.

இந்தப் பாகங்கள் எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பழைய பெடல் அவ்வளவு நீளமாக இருந்தது பாதத்துக்காக; சுற்றுக்கு அந்த நீளம் தேவையே இல்லை. அதனால்தான் மினி பெடலில் சத்தம் குறையாமல் கிடைக்கிறது. விலை கொடுத்து விட்டுக்கொடுப்பது நெம்புகோலின் நீளத்தை.

பாதம் மிதிக்கும் பலகை நடுவில் ஓர் அச்சில் ஆடுகிறது. 25 செ.மீ. பலகையில் அச்சிலிருந்து முனைக்குப் பன்னிரண்டரை செ.மீ.; 13 செ.மீ. பலகையில் ஆறரை. இரண்டும் 20 டிகிரி ஆடுவதாக வைத்தால், பெரிய பலகையின் முனை சுமார் 4.3 செ.மீ. ஏறி இறங்கும், சிறியதன் முனை 2.2 செ.மீ. மட்டுமே. 'ஊ'விலிருந்து 'ஈ' வரையிலான மொத்தப் பயணமும் அந்த 2.2 செ.மீ.க்குள் முடிந்துவிடுகிறது. முனை 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் பெரியதில் வீச்சின் இருபதில் ஒரு பங்கு மாறும், சிறியதில் பத்தில் ஒரு பங்கு. பெடலை ஆட்டிக்கொண்டே இருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஓர் இடத்தில் நிறுத்தி, அந்த மூக்கடைத்த குரலில் தனி வாசிப்பு வாசிப்பவருக்கு உடனே தெரியும்.

இரண்டாவது விளைவு விசை. நெம்புகோல் பாதியானால் அதே உராய்வை வெல்ல இரு மடங்கு அழுத்தம் வேண்டும். விரல் நுனிக்குக் கீழே இருக்கும் ஆன்-ஆஃப் சுவிட்சுக்கும் இதே கணக்குதான். புதிய மினி பெடலை முதன்முதலில் மிதிக்கும்போது "சுவிட்ச் விழவே மாட்டேன் என்கிறதே" என்று தோன்றுவதற்குக் காரணம் இது.

மூன்றாவது, பாதத்தை எங்கே வைப்பது. குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் மினியை மிதிக்கப் பார்ப்பது இயல்பு. அது வேலைக்கு ஆகாது. வழக்கமான வா பலகை தானாகத் திரும்பி வராது, விட்ட இடத்தில் நிற்கும். திரும்ப வரவேண்டுமானால் பின்பாதியை யாராவது அழுத்த வேண்டும். ஆகவே முழுப் பாதமும் பலகையின் மேல் இருக்க வேண்டும். உள்ளங்கால் வளைவு அச்சுக்கு நேர் மேலே. அப்படி வைத்தால் குதிகால் பெடலுக்குப் பின்னால் அந்தரத்தில் நிற்கும். கணுக்கால் அசைவு பெரிய பெடலில் இருப்பதுபோலவேதான். ஆனால் குதிகாலுக்குத் தாங்கல் இல்லாததால் உடல் எடை முழுக்க இன்னொரு காலுக்குப் போகிறது. பத்து நிமிடம் தொடர்ந்து ஃபங்க் ரிதம் வாசித்தால் கெண்டைக்கால் சொல்லும்.

அந்தரத்தில் நிற்கும் குதிகாலுக்கு இடமும் வேண்டும். மினி வாவைப் போர்டின் பின்வரிசையில் வைத்தால் குதிகால் போய் முன்வரிசைப் பெடல்களின் குமிழ்களில் மோதும். அதன் இடம் முன்வரிசை, போர்டின் விளிம்பை ஒட்டி, வலது ஓரம். 'எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே செருகலாம்' என்ற நினைப்பில் வாங்குகிறவர்கள் இதை முன்கூட்டியே அளந்து பார்ப்பது நல்லது. இன்னொரு அளவையும் பார்க்க வேண்டும். இந்தப் பெடல்களில் மிச்சமாவது பெரும்பாலும் நீளம். பக்கவாட்டில் ஜாக் உள்ள பெடலில், நேரான பிளக் செருகினால் ஒரு பக்கத்துக்கு ஐந்து செ.மீ. கூடுதலாகப் போகும். தட்டையான வளைந்த பிளக் போட்டால் ஒன்றரை செ.மீ.யில் முடிந்துவிடும். பிளக்கை மாற்றாமல் பெடலை மட்டும் மாற்றினால், கிடைத்த இடத்தில் பாதியைப் பிளக்கே தின்றுவிடும்.

இனி பெடல்கள்.

டன்லப் க்ரை பேபி மினி, அதாவது சிபிஎம்95, பெரியதில் பாதி அளவு. உள்ளே பெரிய பெடல்களில் வரும் அதே முழு அளவு ஃபாசல் வகை இண்டக்டர். ட்ரூ பைபாஸ் உண்டு, அதாவது ஆஃப் செய்தால் சிக்னல் சுற்றைத் தொடாமல் நேராகப் போய்விடும். அடித்தகட்டைக் கழற்றினால் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று இருக்கும்: தாழ்ந்த வீச்சு, பழைய வகை, வழக்கமான பெரிய க்ரை பேபியின் (ஜிசிபி95) வகை. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்போடு கனமான டிஸ்டார்ஷன் வாசிப்பவர்கள் தாழ்ந்த வீச்சை முதலில் கேட்டுப் பார்க்கலாம். விரல் முனையில் காதைக் குத்தும் கூர்மை அடங்கும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் ஃபங்க் வாசிப்பவருக்கு வழக்கமான வகையே சரி. ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை என்றால், அந்த மூன்று நிலைகளையும் ஒப்பிட ஒவ்வொரு முறையும் திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருப்பதுதான். பாதம் பெரியவர்களுக்குப் பலகை முழுக்க காலணிக்குள் மறைந்துவிடும்; எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைக் காது மட்டுமே சொல்லும்.

அதே நிறுவனத்தின் க்ரை பேபி ஜூனியர், சிபிஜே95, பெரியதுக்கும் மினிக்கும் நடுவில். பெடல்போர்டு செய்யும் பெடல்ட்ரெயின் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தது. மினியின் அதே மூன்று ஒலி நிலைகள் இங்கே வெளியிலேயே சுவிட்சாக வந்துவிட்டன. அச்சிலிருந்து முனைவரை நீளம் கூடுவதால், மேலே சொன்ன மூன்று தொல்லைகளும் பெருமளவு தணிகின்றன: குதிகாலுக்குப் பாதித் தாங்கல், சுவிட்சுக்கு நியாயமான அழுத்தம், நிறுத்தி வாசிக்கத் தேவையான நுணுக்கம். வாவை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பயன்படுத்துகிறவர், அதே சமயம் இடம் நெருக்கடி உள்ளவர் என்றால் தயங்காமல் இதைத்தான் எடுக்க வேண்டும். மினி, போர்டை முதுகில் சுமந்து அலைபவர்களுக்கும், மாலை முழுவதிலும் இரண்டு பாட்டுக்கு மட்டும் வா தேவைப்படுகிறவர்களுக்கும்.

ஸோட்டிக் எக்ஸ்டபிள்யூ-1 வழக்கமான அளவைவிட 20 சதவீதம் சிறியது. 20 சதவீதம் குறைவாகத் தோன்றலாம். ஆனால் காலுக்கு அது முழு அளவுப் பெடல் போலவே இருக்கும், போர்டில் மட்டும் கொஞ்சம் இடம் விடும். பக்கவாட்டில் நான்கு குமிழ்கள்: பயஸ், வா-க்யூ, ட்ரெபிள், பேஸ். க்யூ என்பது தூக்கிக் காட்டும் பட்டையின் அகலம். அதைக் கூட்டினால் பட்டை ஒடுங்கி 'வா' தெளிவாக, மூக்கொலியோடு வரும். குறைத்தால் அகன்று, மென்மையாக, கார்டு வாசிப்புக்கு ஏற்றதாக இருக்கும். பழைய வகைப் பெடலில் இதை மாற்ற இண்டக்டருக்கு இணையாக உள்ள 33 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சூட்டுக்கோலால் எடுத்து வேறு போட வேண்டும். இங்கே ஒரு குமிழைத் திருப்பினால் போதும். ஆழமாகப் போக விரும்புகிறவருக்கான பெடல். வாங்கி எல்லாக் குமிழையும் நடுவில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர் அதற்கான பணத்தை மிச்சப்படுத்தலாம்.

பாஸ் பிடபிள்யூ-3 இரண்டு குரல் தருகிறது. ஒன்று பழைய வகை. மற்றொன்றான ரிச், அடி ஒலியைத் தக்கவைத்துக்கொள்ளும். வா போட்டதும் அடி ஒலி காணாமல் போய், இசைக்குழுவில் கிட்டார் மெலிந்துவிடுகிறதே என்று கவலைப்படுகிறவர்கள், ஏழு கம்பி கிட்டார் வைத்திருப்பவர்கள், இரண்டாவது குரலுக்காகவே இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மோர்லி 20/20 வரிசை வேறு வழியில் போகிறது. பழைய மோர்லி பெடல்கள் செங்கல் போல இருக்கும். இவை அவற்றைவிட நன்றாகச் சிறுத்தவை. உள்ளே பாட் கிடையாது. ஒரு விளக்கும் ஒளி உணரியும் நடுவில் மறைப்பும்தான். உரசும் பாகம் இல்லாததால் கரகரப்பு வராது. இதில் சில மாதிரிகளில் சுவிட்சும் இல்லை: கால் வைத்தால் ஆன், எடுத்தால் ஸ்பிரிங் பலகையைத் தூக்கிவிட்டு ஆஃப். பாட்டின் நடுவில் இரண்டு நோட்டுக்கு மட்டும் வா போட்டு விலகுவதற்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது. ஆனால் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டுக் காலை எடுக்க முடியாது. நிறுத்தி வாசிப்பதுதான் உங்கள் பழக்கம் என்றால், எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் ஸ்பிரிங் வகையை விட்டுவிடுங்கள். பாட்டு முடியும்வரை ஒரு கால் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

ஹாட்டோன் சோல் பிரஸ் உள்ளங்கை அளவில் வா, வால்யூம், எக்ஸ்பிரஷன் (வேறொரு பெடலின் அமைப்பைக் காலால் மாற்றுவது) மூன்றையும் தருகிறது. ஒரே ஒரு ஆட்டும் பெடலுக்குத்தான் போர்டில் இடம் என்றால் கவர்ச்சியான பேரம். வாங்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும்: வேலையை மாற்றுவது கையால் தள்ளும் சிறிய சுவிட்ச். பாட்டின் நடுவில் வாவிலிருந்து வால்யூமுக்குப் போகக் குனிய வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொள்பவருக்கு இது பிரச்சினையே இல்லை.

கடையில் சோதிக்கும்போது மேடையில் போடும் காலணியைப் போட்டுக்கொண்டு, நின்றுகொண்டு சோதிக்க வேண்டும். உட்கார்ந்து மிதித்தால் எல்லாப் பெடலும் நன்றாகத்தான் இருக்கும். ஆம்பைச் சுத்தமான ஒலியில் வைத்து, ஒரு கார்டை ஒலிக்கவிட்டு, பலகையை மேலிருந்து கீழ்வரை நான்கு எண்ணிக்கையில் மெதுவாக நகர்த்துங்கள். மாற்றம் சீராகப் பரவுகிறதா, கடைசி ஒரு செ.மீ.க்குள் குவிந்துகிடக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு கம்பிகளை அமுக்கிப் பதினாறாம் நோட்டுகளில் வேகமாக ஆட்டிப் பார்க்க வேண்டும்; அச்சு கிரீச்சிடுகிறதா, பெடல் தரையில் நகர்கிறதா என்பது இங்கே தெரிந்துவிடும். அடுத்து, நடுவில் நிறுத்திக் காலை எடுங்கள். பலகை தானாகச் சரிந்தால் இறுக்கத்தைக் கூட்ட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். சுவிட்சைப் பத்து முறை போட்டு எடுங்கள். ஆனா ஆஃபா என்று காட்டும் விளக்கு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வாசிக்கும்போது ஆனா ஆஃபா என்று காது சொல்லிவிடும். பாட்டுகளுக்கு நடுவே மௌனமான நேரத்தில்தான் விளக்கின் அருமை தெரியும். கடைசியாக டிஸ்டார்ஷனை ஏற்றி, கிட்டார் வால்யூமைக் குறைத்து, விரல் பக்கத்தை அழுத்திச் சும்மா கேளுங்கள். ஒரு சீறல் இருக்கும், அது இயல்பு. அதற்கு மேல் ஹம் (தாழ்ந்த ரீங்காரம்) இருந்தால் கவனிக்க வேண்டும்.

ஹம் பெரும்பாலும் பெடலின் குற்றமாக இருப்பதில்லை. இண்டக்டர் என்பது ஒரு கம்பிச்சுருள். அருகில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் காந்தப்புலத்தை ஒரு பிக்கப் போலவே இழுத்துக்கொள்ளும். போர்டுக்கு அடியில் பவர் சப்ளை, அதற்கு நேர் மேலே வா என்று வைத்தால் ஹம் நிச்சயம். பெடலைக் கையில் தூக்கிப் பத்து, பதினைந்து செ.மீ. நகர்த்திப் பாருங்கள். ஹம் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. மினி பெடலை எங்கும் நகர்த்தலாம் என்பது இங்கே ஒரு நிஜமான லாபம்.

ட்ரூ பைபாஸ் வேண்டுமா என்பது பலரும் பெரிதாக விவாதிக்கும் விஷயம். அந்தக் காலப் பெடல்களில் ஆஃப் செய்தபோதும் சுற்றின் உள்ளீடு கிட்டாரோடு ஒட்டியே இருந்தது. பிக்கப்பின் மேல் ஒலி சோர்ந்துபோனது. அந்தப் பழைய தொல்லைக்குத்தான் ட்ரூ பைபாஸ் தீர்வு. இன்று வரும் பெடல்களில் அதுவோ, சிக்னல் சோராமல் கடத்தும் சிறு சுற்றான நல்ல பஃபரோ இருக்கும், இரண்டில் எதுவும் போதும். உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள், ஒலியைக் கரடுமுரடாக்கும் ஃபஸ் பெடல் வைத்திருப்பவர்கள். ஃபஸ் ஃபேஸ் வகைகளின் உள்ளீட்டு மின்தடை மிகக் குறைவு. வாவை அதற்கு முன்னால் வைத்தால், ஃபஸ் வாவின் வெளியீட்டைக் கீழே இழுத்துவிடும். வீச்சு சுருங்கும், சில நேரம் ஊளையிடும். இரண்டு வழிகள்: ஃபஸ்ஸை முன்னாலும் வாவைப் பின்னாலும் வைப்பது, அல்லது இரண்டுக்கும் நடுவே ஒரு பஃபர் வைப்பது. பஃபர் நிரந்தரமாக நின்றால், கிட்டார் வால்யூமைக் குறைத்து ஃபஸ்ஸைத் தெளிய வைக்கும் அந்த அழகு போய்விடும். ஆகவே ஃபஸ் பிரியர்களுக்குச் சிறந்தது, வா ஆன் ஆகும்போது மட்டும் வேலை செய்யும் வெளியீட்டு பஃபரும், ஆஃப் ஆகும்போது ட்ரூ பைபாஸும் உள்ள பெடல்.

மற்ற டிஸ்டார்ஷன், ஓவர்டிரைவ் பெடல்களுக்கு முன்னால் வாவை வைப்பதுதான் வழக்கம். குரல் போல, அடக்கமாக இருக்கும். பின்னால் வைத்தால் ஏற்கெனவே செழித்த ஒலியை வடிகட்டுவதால் சிந்தசைசர் போலப் பெரிதாக அலையும். பவர் பெரும்பாலும் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். பாட் வகை வா சில மில்லி ஆம்பியர்தான் குடிக்கும்.

வாங்கிய பிறகு இரண்டு விஷயங்கள் நிச்சயம் கெடும். முதலாவது பாட். பாட் வகைகளில் சில மாதங்களிலோ வருடங்களிலோ கரகரப்பு வரும். தூசியும் தேய்ந்த கார்பனும் காரணம். அடித்தகட்டைக் கழற்றி, பாட்டின் இடுக்கில் காண்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, பலகையை முப்பது முறை முழுக்க ஆட்டினால் பெரும்பாலும் சரியாகும். எண்ணெய்ப் பசை விடும் பொது ஸ்பிரே வேண்டாம். அது தூசியைச் சேர்த்துவைக்கும். இரண்டு முறை செய்தும் கரகரத்தால் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள், புதிய பாட்தான் வழி. வா பெடலின் பாட் சுழலும்போது மின்தடை மாறும் விதம் தனி வகை. சாதாரண 100 கிலோ ஓம் பாட்டைப் போட்டால் 'வா' ஒரே மூலையில் குவிந்துவிடும். மினி வகைகளில் உள்ளே இடம் நெருக்கம் என்பதால், மாற்றுப் பாட் கிடைக்குமா, அது பொருந்துமா என்பதை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சுவிட்சின் உயரம். சுவிட்சின் மேல் உள்ள மெத்தை காலப்போக்கில் நசுங்கும். சுவிட்சைப் பிடித்திருக்கும் நட்டும் தளரும். சுவிட்ச் உயர்ந்து நின்றால் பலகை முழுக்க இறங்கும் முன்பே ஆஃப் ஆகிவிடும், 'ஈ' பக்கமே கிடைக்காது. தாழ்ந்து போனால் எவ்வளவு மிதித்தாலும் விழாது. 2.2 செ.மீ. பயணத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே போதும். நட்டைத் தளர்த்தி, பலகை இறங்கி நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே சுவிட்ச் விழும்படி வைத்து இறுக்குங்கள்.

வீச்சே ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டதுபோல, குதிகாலில் 'ஊ' இல்லாமல் 'ஓ'வில் தொடங்கினால், பலகையோடு அசையும் பற்பட்டையில், பாட் மேல் உள்ள பற்சக்கரம் ஒரு பல் தாண்டியிருக்கும். பற்பட்டையை அழுத்தியிருக்கும் கிளிப்பைத் தளர்த்தி, பட்டையைத் தூக்கி, பாட்டை ஒரு பல் திருப்பி மறுபடி கோக்க வேண்டும். சிலர் வேண்டுமென்றே ஒரு பல் தள்ளி, கூர்மையான முனையை வெட்டிவிடுவதும் உண்டு. சிங்கிள் காயில் அது நல்ல யோசனை.

போர்டில் ஒட்டும்போது ரப்பர் கால்களைக் கழற்றி வெல்க்ரோ போடுவது வழக்கம். பல பெடல்களில் ரப்பர் காலைப் பிடித்திருக்கும் திருகாணியே அடித்தகட்டையும் பிடித்திருக்கும். ரப்பர் இல்லாமல் அதே திருகாணியை இறுக்கினால் அது உள்ளே நீண்டு சர்க்கியூட் போர்டில் முட்டலாம். நீளம் குறைந்த திருகாணியைப் போட்டுக்கொள்ளுங்கள். மினி வாவுக்கு வெல்க்ரோவும் போதாது. நெம்புகோல் குட்டையாக இருப்பதால் அழுத்தம் கூடுகிறது. குதிகால் பக்கம் அழுத்தும்போதெல்லாம் முன்பக்கம் போர்டிலிருந்து கிளம்பப் பார்க்கும். சைக்கிள் செயின் கண்ணிகளை நான்கு மூலையிலும் அந்தத் திருகாணிகளிலேயே மாட்டி, மறு துளையைப் போர்டில் திருகிவிட்டால் அசையாது.